அரிசிப் பானைக்குள் இருக்கும் ஸ்பிரிங்

என் மச்சானுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் எஞ்சின் சத்தம் கேட்குமோ எனக்குத் தெரியாது. கேட்குமென்றால் என் சத்தமும் கேட்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை கண்டால் வழமைபோலச் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

போன கிழமை உங்கள் எஞ்சின் வீட்டுக்கு வந்தது.

வாவிக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள், மச்சான். அக்கரைப் படுவான்கரைக்குப் போக இனிப் படகு வேண்டாமாம். சைக்கிளிலேயே போகலாமாம். தூண் இறக்கத் தோண்டின இடத்தில் சேற்றுக்குள் இரும்பு தட்டுப்பட்டிருக்கிறது. கிரேன் போட்டுத் தூக்கினார்களாம். படகு இல்லை, பலகை ஒரு துண்டுகூட இல்லை. எஞ்சின் மட்டும்தான்.

காத்தான்குடி சலீம் நானாதான் கண்டவர். பழைய இரும்பு பார்க்கப் போனவர், சேற்றைக் கையால் வழித்துப் பார்த்திருக்கிறார். உங்களுக்கு எத்தனை வருஷம் எஞ்சின் சாமான் தந்த மனிதன். அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, மேலே ஈரச்சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு "தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். மூடியிருந்த விதத்தைப் பார்த்து, உங்களைத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

ஆறு வருஷமாக உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. கமலாவுக்கும் சொல்லவில்லை. அவள் என் கூடப்பிறந்தவள், நீங்கள் அக்கரையிலிருந்து அழைத்து வந்து விட்ட நாளிலிருந்து என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவள். அவளுக்கும் சொல்லவில்லை. எஞ்சின் முற்றத்தில் இறங்கின பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் படகை நினைவிருக்கிறதுதானே? சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் மீனவர் சங்கத்துக்குக் கொடுத்த படகு. எங்கள் வாவிக்குத் தேவையில்லாத அளவு பெரிய எஞ்சின். எட்டுச் சிலிண்டர். "இது ஆனைய வீட்டுக்குள்ள கட்டின மாதிரி" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பெட்ரோலைக் குடித்துத் தள்ளும் என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு மாரியில் வெள்ளம் வந்து, கட்டின இடத்திலேயே கவிழ்ந்து, இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அது நீங்கள் எஞ்சின் திருத்துகிற கொட்டிலுக்கு வந்தது.

நீங்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் பூட்டினீர்கள். மெதுவாக ஓடினால் பூனைபோல ஓடும். முழு வேகம் கேட்டால் விக்கும். ஏன் என்று நான் கேட்டேன். கைக்குள் அடங்குகிற ஒரு வால்வு ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினீர்கள். வால்வு திறந்ததும் அதைத் திரும்ப இழுத்து மூடுவது இதுதான் என்றீர்கள். இந்த எஞ்சினில் வால்வைத் தள்ளித் திறக்கிற கேமுக்கு மேலே நிற்கிற லிஃப்டருக்கு அடியில் உருளை வைத்திருக்கிறது, அதனால் அது பாரம், அந்தப் பாரத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவரும் பலம் ஸ்பிரிங்குக்கு வேண்டும் என்றீர்கள்.

"இது இளகினா வால்வு நேரத்துக்குப் பூட்டாது, புள்ள. மெல்லமாப் போகக்குள்ள தெரியாது. வேகத்தில கேட்டா ஏலாதெண்டு சொல்லிரும்."

லொறி எஞ்சினின் பலத்த ஸ்பிரிங் இருக்கிறதே, அதைப் போட்டால் சரிதானே என்று நான் கேட்டேன்.

"அது தடிச்ச கம்பி. முழுக்க அமர்ந்தா சுருளோட சுருள் முட்டி எங்கயாவது உடையும். இந்த லிஃப்டர் ஒயில்ல நிக்கிற சாமான், கூட அமத்தினா நசியும். கேமையும் திண்டுரும். போதுமான அளவுக்குப் பிடிக்கணும். அதுக்கு மேல பிடிக்கப்படா."

அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். என் கையைப் பார்த்துவிட்டீர்கள். நானும் அப்போது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் மகள் நிரோசாவின் கையை நான் பிடித்திருந்த விதத்தை உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. சுனாமி வந்த அன்றைக்கு நீங்கள் வாவிப் பக்கம் கொட்டிலில், நாங்கள் இரண்டு பேரும் கடல் பக்கம். மணிக்கட்டில் பிடித்திருந்தேன். வளையல் போட்டிருந்தாள். வளையல்தான் என் கையில் மிஞ்சியது. ஆறு வயதுப் பிள்ளையின் பாரம் எவ்வளவு இருக்கும், மச்சான்? என் பிடி அதற்குக்கூடப் போதவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் கொட்டிலில் வந்து குந்தத் தொடங்கினேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. நீங்கள் என் முன்னால் மண்ணெண்ணெய்ச் சட்டியை வைத்து, கழுவு என்றீர்கள். அப்படித்தான் எனக்கு இந்த வேலை வந்தது.

ஸ்பிரிங் பார்க்க நீங்கள் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். சுனாமி முகாமில் பிள்ளைகளை ஏற்றி நிறை பார்த்த தராசு. முகாம் மூடினபோது விட்டுப் போனதைத் தூக்கி வந்தீர்கள். அதன்மேல் ஸ்பிரிங். அதன்மேல் என் உலக்கை. உலக்கையின் ஒரு முனை கொட்டில் தூணில் அடித்த கட்டைக்கு அடியில், மறுமுனை என் கையில். பக்கத்தில் அளவுக்கு வெட்டின குழாய்த்துண்டு ஒன்று. ஸ்பிரிங் அமர்ந்து அந்தத் துண்டின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தவேண்டும். வால்வு மூடி நிற்கும்போது ஸ்பிரிங் நிற்கிற உயரம் அதுதான். அப்போது தராசில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் பலம். எழுத்துத்தான் எனக்குத் தடுமாறும், இலக்கம் தடுமாறாது.

புத்தகம் ஒன்றும் இல்லை. எஞ்சினோடு வந்த பெட்டிக்குள் புதுசாக ஒரேயொரு ஸ்பிரிங் கிடந்தது. அதை அமத்தினோம். முள் நாற்பத்திரண்டு கிலோவில் நின்றது. அப்போ எல்லாம் நாற்பத்திரண்டுக்கு வரவேண்டும் என்றீர்கள். கழற்றின பழையவற்றை ஒவ்வொன்றாக வைத்தோம். இருபத்தெட்டு. முப்பது. ஒன்று இருபத்தைந்து. உப்பு தின்றுவிட்டது. லொறியுடையதை வைத்தபோது முள் எழுபதைத் தாண்டி ஓடியது, உலக்கை என்னைத் தூக்கியது. நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். நிரோசா போன பிறகு நீங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு சலீம் நானா கொழும்பிலிருந்து ஒரு சாக்கு நிறையப் பழைய ஸ்பிரிங் கொண்டு வந்து கொட்டினார். ஒரு கிழமை இருந்து தெரிந்தெடுத்தோம். முதலில் அம்மியில் தட்டிப் பார்ப்பது. நல்லதென்றால் 'ணிங்' என்று எழும்பும். உள்ளே வெடிப்பு இருந்தாலோ தளர்ந்திருந்தாலோ 'ணக்' என்று செத்த சத்தம். அது எனக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்று என்னிடமே விட்டுவிட்டீர்கள். சத்தத்தில் தேறினது மட்டும் தராசுக்குப் போகும். சிலிண்டருக்கு இரண்டாகப் பதினாறு வேண்டும். சாக்கில் பதினைந்துதான் தேறியது. பெட்டியில் வந்த புதியதோடு பதினாறு. கயிற்றில் கோத்துத் தூணில் மாட்டினீர்கள். நாளைக்குப் பூட்டுவோம் என்றீர்கள்.

அந்தச் சாயங்காலம்தான் சங்கத் தலைவர் வந்தார். அக்கரையில் சனம் மூட்டை கட்டுகிறது, சண்டை கிட்டே வருகிறது, வேகமாக ஓடக்கூடிய பெரிய படகு இது ஒன்றுதான், எஞ்சின் சரிவந்தால் நீ ஓட்டுவியா என்று கேட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம்" என்றீர்கள்.

உங்களுக்கு அந்த 'ஓம்' ஒரு சொல். எனக்கு அது மறுபடியும் தண்ணீர்.

மச்சான், நான் செய்ததை இப்போது சொல்கிறேன். விடிய எழும்பி நீங்கள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம், கயிற்றை அவிழ்த்தேன். நல்ல ஸ்பிரிங் ஒன்றை எடுத்தேன். கழற்றிப் போட்ட பழையவற்றில் இருந்த அந்த இருபத்தைந்தை அதன் இடத்தில் கோத்தேன். மேலே எண்ணெய் பூசினேன், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தது. நல்லதை அரிசிப் பானைக்குள் அடியில் புதைத்தேன். எஞ்சின் விக்கும், நீங்கள் காரணம் தேடுவீர்கள், நாலு நாள் போகும், அதற்குள் சண்டை வேறு பக்கம் திரும்பும். அவ்வளவுதான் என் கணக்கு. உங்களைப் பிடித்து வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் பூட்டினீர்கள். குழாயில் தண்ணீர் கொடுத்து, கரையில் வைத்தே ஓட்டிப் பார்த்தீர்கள். முழு வேகம் கொடுத்ததும் விக்கியது. என் நெஞ்சுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் இன்னும் அங்கேயே நிற்பதுபோலக் காது கொடுத்துக் கேட்டீர்கள். பிறகு, மேல்மூடிக்குப் போடுகிற பேக்கிங் கிழிந்துவிட்டது, சலீம் நானாவிடம் போய் ஒன்று வாங்கி வா என்று என்னை அனுப்பினீர்கள்.

பஸ் பிடித்துக் காத்தான்குடி போய்த் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. வந்தபோது எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூடியும் பூட்டியிருந்தது. ஒரு நட்டு இளகிக் கிடந்தது என்றீர்கள். நான் வாங்கி வந்த பேக்கிங்கை வாங்கி அப்படியே ஆணியில் மாட்டினீர்கள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது, நட்டை இறுக்கினதில் இப்போதைக்குச் சமாளிக்கிறது, இன்னொரு நாள் கட்டாயம் விக்கும் என்றுதான் நினைத்தேன்.

மற்ற நாள் காலை அக்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. கமலா அங்கே, அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளோடு. அவள் புருஷன் கட்டாரில். நீங்கள் படகைத் தள்ளும்போது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் கழற்றிப் பூட்ட ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த ஒரு மணித்தியாலத்தில் கமலாவுக்கு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்? நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் என் தலையில் கையை வைத்துவிட்டு ஏறினீர்கள். அந்தக் கையில் மண்ணெண்ணெய் மணந்தது.

முதல் தரம் கமலாவும் பிள்ளைகளும் இன்னும் முப்பது பேரும் வந்தார்கள். இரண்டாம் தரமும் வந்தீர்கள், வயதானவர்களை ஏற்றிக்கொண்டு. மூன்றாம் தரம் போனீர்கள்.

அக்கரையில் தூண்டில் போடுகிற ஒரு மனிதர் சில நாள் கழித்து அகதி முகாமில் வைத்துச் சொன்னார். "ஏத்திக்கொண்டு போகத்தான் வந்தவர். நடு வாவியில எஞ்சின் விக்கி விக்கி நிண்டது. மறுகா ஒரு சத்தம்." அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் ஷெல்லோ வேறு எதுவோ அவர் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவுமில்லை. விக்கி விக்கி நின்றது என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

ஆறு வருஷம், மச்சான். உலையில் மூடி துடித்தால் எஞ்சின். கமலாவின் சின்னவள் உறைப்புத் தின்று விக்கினால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். வாவியில் எந்தப் படகு போனாலும் அது அக்கரை சேரும்வரை நின்று கேட்பேன், எங்கேயாவது தடுக்குகிறதா என்று. சில மத்தியானங்களில் பூட்டிக் கிடக்கிற கொட்டிலில் இருந்து மண்ணெண்ணெய் மணம் வரும். போய்த் திறந்து பார்ப்பேன். சட்டி காய்ந்து கிடக்கும். மணம் மட்டும் நிற்கும். அது நீங்கள்தானா? அல்லது என் சேலையில் ஊறினதா?

யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருவில் வெடி கொளுத்தின சத்தம் கேட்டது. நான் அன்றைக்கும் அரிசிதான் களைந்துகொண்டிருந்தேன்.

அந்த நல்ல ஸ்பிரிங்கை நான் எடுக்கவில்லை. இடம்பெயர்ந்து போனபோதும் பானையோடு கொண்டு போனேன். பானையில் அரிசி குறையும்போது கையில் தட்டுப்படும். எண்ணெய் காய்ந்து கறுத்துப்போய், ஆனால் பலம் குறையாமல். ஒருநாள் கமலாவின் மூத்தவள் அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு இது என்ன பெரியம்மா என்று கேட்டாள். அரிசிக்குப் பூச்சி வராது என்றேன். அவள் நம்பினாள். உங்கள் வீட்டில் இருந்துகொண்டே பொய் சொல்ல நான் எவ்வளவு பழகிவிட்டேன் பாருங்கள்.

பிழைப்பும் அதிலேயே நடக்கிறது. எல்லாவற்றையும் விற்றேன், தராசையும் உலக்கையையும் விற்கவில்லை. லேண்ட்மாஸ்டர்காரர், பஸ்காரர், ஏறாவூரிலிருந்துகூட வருகிறார்கள். ஸ்பிரிங் அக்கா என்று பெயராம் எனக்கு. தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கொடுப்பேன். சந்தேகம் வந்தால் போடாதே என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். "இந்த அக்கா ஒரு ஸ்பிரிங்குக்கு இவ்வளவு பயப்படுறா, கடவுள் காப்பாத்தினார் இவ ஒரு டாக்குத்தரா வரல்ல" என்று ஒரு பஸ் டிரைவர் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன்.

சலீம் நானாவை மூடியைக் கழற்றச் சொன்னேன். வேண்டாம் தங்கச்சி, பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்றார். கழற்றுங்கள் என்றேன். எண்ணெயும் சேறும் சேர்ந்து மெழுகாகி மூடியை ஒட்டியிருந்தது. உளி கொடுத்துத் திறந்தார். வலப்பக்கம் எட்டும் முழுசாக இருந்தன. ஒன்றும் உடையவில்லை. இடப்பக்கம் திறந்தார். எட்டும் முழுசு. மேல்பக்கம் துரு, உள்ளே எண்ணெயில் ஊறிக் கறுப்பாக அப்படியே நின்றன. நான் ஒவ்வொன்றின் அடியையும் விரலால் துடைத்துக்கொண்டே வந்தேன். எது என்னுடையது என்று தேடினேன். பின்னாலிருந்து மூன்றாவதின் அடியில் ஏதோ மினுங்கியது.

துருப்பிடிக்காத வெள்ளை வட்டம். ஸ்பிரிங்குக்கு அடியில் வாசர் போல வைத்திருந்தது. மற்ற பதினைந்துக்கும் இல்லை.

சலீம் நானா அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி வட்டத்தை எடுத்துக் கழுவித் தந்தார். சில்வர்த் தகடு. கத்திரியால் வெட்டி அரத்தால் ராவின விளிம்பு. ஒரு பக்கத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து. 'ரோ'.

நீங்கள் போன பிறகு சுத்தியல், சாவி வைக்கிற உங்கள் பெட்டியில் நிரோசாவின் சோற்றுக் கோப்பையை, அந்தச் சில்வர்த் தட்டை, கண்டெடுத்தேன். நடுவில் பெயர் வெட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு துண்டு இல்லை. முதல் சோறு தீத்தின நாளுக்குக் காத்தான்குடியில் பெயர் வெட்டி வாங்கின கோப்பை. சுனாமியில் எல்லாம் போய், ஒரு பனையடியில் நெளிந்து கிடந்து கிடைத்தது அது ஒன்றுதான். அதை ஏன் வெட்டினீர்கள் என்று உங்களோடு எத்தனை நாள் கோபித்திருப்பேன். இல்லாத ஆளோடு கோபிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சலீம் நானா அந்தப் பழைய ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டிப் பார்த்தார். செத்த சத்தம். "இது தளர்ந்தது. அடியில தகடு கொடுத்து உசத்தி, பலத்தைக் கூட்டியிருக்கிறார். நல்ல வேலை. இது விக்கியிருக்காது, தங்கச்சி." பிறகு ஸ்பிரிங்கை என் கையில் வைத்துவிட்டு, பெட்ரோல் முடிந்தாலும் எஞ்சின் விக்கி விக்கித்தான் நிற்கும் என்றார். மூன்றாம் தரம் போகப் பெட்ரோல் இருந்ததா, மச்சான்? இல்லையென்று தெரிந்துதான் போனீர்களா?

அவர் போன பிறகு கமலாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, மண்ணில். எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு அவிழ்த்ததை, பழையதைக் கோத்ததை, தண்ணீரில் நின்று வாயை மூடினதை. உன்னையும் பிள்ளைகளையும் ஏற்றி வந்த எஞ்சினுக்குள் அதை வைத்தவள் நான்தான் என்று சொன்னேன். அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் போகட்டும், இனித் தாங்க ஏலாது என்று நினைத்தேன்.

அவள் அந்த வட்டத்தை என் கையிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"படகில வரக்குள்ள அத்தான் சொன்னவர். சின்னவள் ஷெல்லுக்குப் பயந்து கத்திக்கொண்டு வந்தாள். அவளச் சிரிக்க வைக்கத்தான் சொன்னவர். 'உங்கட பெரியம்மா என்னக் கட்டிப்போட ஒரு ஸ்பிரிங்க மாத்தி வச்சிருக்கா. நல்லத அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா, அவ எதையும் ஒளிக்கிற இடம் அதுதானே. நான் எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப அங்கேயே வச்சிட்டன். எடுத்தா அவளுக்கு விளங்கிரும், வெக்கப்படுவா' எண்டு. மறுகா எனக்குச் சொன்னவர், 'கமலா, நீ சொல்லிப்போடாத. எல்லாம் முடியட்டும், நானே வந்து கேலி பண்ணுறன்' எண்டு."

ஆறு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

"அவர் வந்து சொல்லுறனெண்டவர்தானே" என்றாள். "நானும் ஒவ்வொரு நாளும் அரிசி அள்ளக்குள்ள அத அங்கால தள்ளிவச்சிட்டுத்தான் அள்ளுறன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரு பானையில் கைவிட்டு, ஒரே இரும்பைத் தொட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம். அவள் உங்களுக்காகக் காத்திருந்தாள். நான் உங்களுக்குப் பயந்திருந்தேன்.

அன்று நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த நேரம் நீங்கள் குசினிக்குள் போயிருக்கிறீர்கள். பானைக்குள் கையை விட்டிருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அதைப் போட்டிருந்தால் கால்வாசி வேலை. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அதுவும் சரி. ஏன் செய்யவில்லை? நான் வெட்கப்படக்கூடாது என்று பிள்ளையின் கோப்பையை வெட்டினீர்களா? வேறு தகடு கிடைக்கவில்லையா? அல்லது தனியாகத் தண்ணீரில் போக உங்களுக்கும் பயமாக இருந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போனீர்களா?

நீங்கள் பதில் சொல்லமாட்டீர்கள். சரி.

எஞ்சினை எடுத்துக்கொள்ளட்டுமா என்று சலீம் நானா நேற்று வந்து கேட்டார். இரும்பாக உங்களுக்கே போகட்டும், இடப்பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது ஸ்பிரிங் மட்டும் எனக்கு என்றேன். அதற்கு அடியில் இருந்த வட்டத்தை நிரோசாவின் கோப்பை ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. நீங்கள் நன்றாக ராவி எடுத்திருக்கிறீர்கள். ஸ்பிரிங்குக்கு அடியிலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டும் உங்கள் கொட்டிலில், தராசின்மேல் இருக்கின்றன. முள் அசையவில்லை, அவ்வளவுதான் பாரம்.

பாலம் வருகிற தைக்குள் முடியுமாம். திறக்கிற அன்றைக்கு நானும் கமலாவும் நடந்து வருவோம். பானைக்குள் இருக்கிற ஸ்பிரிங்கை மடியில் கட்டிக்கொண்டு வருவேன். நடுவில், உங்கள் எஞ்சினை எடுத்த இடத்துக்கு நேரே நிற்பேன். தண்ணீரில் போட மாட்டேன். தண்ணீருக்கு நான் கொடுத்தது போதும். பாலத்துக் கம்பியில் ஒருதரம் தட்டுவேன். உங்களுக்குக் கேட்கும். பிறகு கொண்டுபோய்ப் பழையபடி அரிசிக்குள் வைப்பேன், நான் இருக்கிறவரைக்கும்.

வந்து கேலி பண்ணுகிறேன் என்று சொன்னீர்கள். அந்தச் சொல் இன்னும் அப்படியே கிடக்கிறது. நான் பாலத்தில் நிற்கும்போது பண்ணுங்கள், மச்சான். வெட்கப்பட மாட்டேன். சத்தியமாக வெட்கப்பட மாட்டேன்.

உங்கள் மாமி மகள், நிரோசாவின் அம்மா,
யோகம்